ஏழேகாலுக்கும் ஏழேமுக்காலுக்கும் நடுவே

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு வேர்க்கடலை மண்டியில் கணக்கெழுதும் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான்தான். அதற்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் கழனியில் இறங்கியவர்கள். குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு நடந்து போய்ப் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. தேறி, அதே சாலையில் அதே நடையாக வேலைக்கும் போனேன்.

பள்ளியில் கற்ற எத்தனையோ விஷயங்களில் ஒன்று மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சயின்ஸ் வகுப்பில் ஒரு நாள் தண்ணீரைக் கொதிக்க வைத்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை உஷ்ணத்தை அளந்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைக்கச் சொன்னார்கள். புள்ளிகளைச் சேர்த்தால் கோடு மேலே ஏறிக்கொண்டே போகிறது. கொதி வந்ததும் நின்றுவிடுகிறது. அடியில் நெருப்பு எரிகிறது, கோடு அசையவில்லை. வகுப்பு முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டளைக்குத் தண்ணீர் அடங்கி நடப்பதை ஒரு தாள் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று இருந்தது.

மண்டியில் வேலைக்குச் சேர்ந்ததும் கை அரித்தது. மண்டி வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைக்கு மூட்டை என்ன விலைக்குப் போனது என்று சாயங்காலம் அதில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவார்கள். பேரம் நடப்பது யாருக்கும் தெரியாது. தரகர் தோள்துண்டை எடுத்து விற்பவன் கைமேல் போடுவார். துண்டுக்கடியில் விரலுக்கு ஒரு ரூபாய், விரல் கணுவுக்குக் கால் ரூபாய். அழுத்துகிறவனுக்கும் அழுத்தப்படுகிறவனுக்கும் மட்டுமே அது தெரியும். வாயில் ஊர்க்கதை ஓடிக்கொண்டிருக்கும். முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விலையை என்னிடம் சொல்வார். விலை எப்போதும் கால் கால் ரூபாயாக, அதாவது நாலணா நாலணாவாகத்தான் ஏறும், இறங்கும். நான் அதை ஏட்டில் ஆறு ரூபாய் பன்னிரண்டணா, ஏழு ரூபாய் நாலணா என்ற கணக்கில் இங்கிலீஷ் எண்களில் எழுதுவேன். பலகை விலையைக் கட்டத்தாளிலும் ஒரு புள்ளியாக வைத்தேன். பழைய ஏடுகளில் இருந்த முந்தைய வருஷங்களின் விலைகளையும் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தாளில் ஏற்றினேன். தாளோடு தாள் ஒட்டிச் சுவர் நீளத்துக்கு வந்துவிட்டது.

தரகர் எட்டிப் பார்த்தார். நாற்பது வயதுக்காரர். வாய் சும்மா இருக்காது.

“இன்னா வாத்தியாரே, கட்லக்கி ஜொரமா? ஆஸ்பத்திரில கட்டிலாண்ட மாட்டி வெப்பாங்களே, அதாட்டம் கீது?”

“விலைதான் அண்ணாத்தே. எப்படிப் போவுதுன்னு பாக்கறேன்.”

“போன வெலையப் பாத்து இன்னா பண்ணப் போற? செத்த பாம்ப அடிக்கிற வேல.”

ஆனாலும் அவரும் தினம் வந்து பார்க்க ஆரம்பித்தார். கோட்டின் வடிவங்களுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். ஏறி வளைந்து இறங்கினால் ‘திமில்’. பள்ளமாகக் குழிந்து எழுந்தால் ‘சட்டி’. திமில் வந்தால் அப்புறம் விலை விழும், சட்டி வந்தால் ஏறும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். சொன்னபடியே சில தடவை நடந்தது. அந்தச் சில தடவையும் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. கொதிக்கிற தண்ணீருக்கு ஒரு கட்டளை இருக்குமானால், இத்தனை ஊர்க்காரர்கள் கத்தியும் மறைத்தும் பேரம் பேசியும் போடுகிற விலைக்கும் ஒன்று இருக்கிறது, அதை நான் பார்க்கிறேன் என்ற பிரமிப்பு. ராத்திரி படுத்தால் கூரைக்கீற்றில்கூடக் கோடு தெரிந்தது.

எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் ஒன்று தாளில் கிடந்தது. விலை ஏறி ஏறி ஏழு ரூபாய் நாலணாவுக்கு வரும். அங்கே முட்டும். சில நாள் அதிலேயே நிற்கும். பிறகு திரும்பிவிடும். அபூர்வமாகத் தாண்டினால் ஏழு பன்னிரண்டில்தான் போய் உட்காரும். ஒரு தடவை அங்கே உட்கார்ந்துவிட்டால் லேசில் கீழே வராது. சுவர் நீளத் தாளில் ஏழு ரூபாய் எட்டணாவுக்கு நேரே ஒரு புள்ளிகூட இல்லை. யாரோ விரலால் துடைத்துவிட்டதுபோல ஒரு வெள்ளைக்கோடு தாளின் குறுக்கே ஓடியது. கொதிநிலை மாதிரி கடலைக்கும் ஒரு நிலை, நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவ்வளவு பெரிதாக இருந்தது அது.

தரகர் வாய் சும்மா இருக்காது என்றேனே. மூட்டை கொண்டுவருகிறவர்கள் எல்லாம் “தம்பி, உன் சீட்டு இன்னா சொல்லுது” என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தப் பேச்சு எங்கள் ஊர் வரைக்கும் போய் அப்பா காதிலும் விழுந்தது.

அப்பா அந்த வருஷம்தான் முதல்முறையாகத் தன் பேரில் ஒரு புன்செய்க் கொல்லையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். இரவல் மாட்டில் உழுது கடலை போட்டு, பிடுங்கி, உலர்த்தி, வீட்டுக்குள் அடுக்கியிருந்தார். நாங்கள் மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். நிலத்துக்காரர் ஒரு பேச்சு சொல்லியிருந்தார்: சொந்த ஏர்மாடு இல்லாதவனுக்கு அடுத்த வருஷம் குத்தகை கிடையாது. நசரத்பேட்டையில் ஒரு ஜோடி மாடு விலைக்கு இருந்தது. அப்பா மூன்று தடவை போய் அதன் பல்லைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். தை முடிவதற்குள் வாங்க வேண்டும், இல்லையென்றால் மாடு வேறு கைக்குப் போய்விடும். மாடு போனால் கொல்லை போகும். கொல்லை போனால் அப்பா மறுபடி கூலிக்கு இறங்க வேண்டியதுதான்.

“மண்டில இன்னிக்கி இன்னா வெல?” என்று கேட்டார்.

“ஏழு ரூபா நாலணா நைனா.”

“அதுக்கு வித்தா மாட்டுக்குக் கொஞ்சம் துண்டு விழுது. ஒரு படி மேல போனாப் போதும். வெச்சிக்கினு பாக்கலாமா, வித்துடலாமா? உன் சீட்டு இன்னா சொல்லுது?”

ஊரார் கேட்டபோது சட்டென்று பதில் சொல்லியிருந்தேன். இப்போது வீட்டுக்குள் அடுக்கியிருப்பது முழுக்க அவர் முதுகொடிந்த உழைப்பு. “ரெண்டு நாள் குடு நைனா” என்று மட்டும் சொன்னேன்.

முதலில் திமிலையும் சட்டியையும் சோதித்தேன். பழைய தாளை எடுத்து, இன்னொரு தாளால் வலது பக்கத்தை மூடினேன். திமில் தெரிந்த இடத்தில் நிறுத்தி, ‘விழும்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மூடிய தாளை நகர்த்திப் பார்த்தேன். விழுந்தது. அடுத்த திமிலில் ஏறியது. அடுத்ததில் அங்கேயே நின்றது. சட்டியும் அப்படித்தான். சோழி உருட்டிக் குறி கேட்டிருந்தாலும் அவ்வளவுதான் பலித்திருக்கும். பலித்த தடவைகளை நாங்கள் ஞாபகம் வைத்திருந்தோம், பலிக்காதவற்றை அன்றைக்கே மறந்திருந்தோம். மேகத்தில் யானை பார்க்கிற கதை. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஆனால் அந்த வெள்ளைக்கோடு மட்டும் எந்தச் சோதனைக்கும் அசையவில்லை. மூடினாலும் திறந்தாலும் அங்கே புள்ளி இல்லை.

இது கடலையின் குணமா, எங்கள் மண்டியின் குணமா? அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி தோன்றியது. அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்திலும் ஒரு கடலை மண்டி இருந்தது. ரயிலில் ஏற்றுகிற இடம், அதனால் அங்கே மூட்டை பெரிது. எங்கள் மூட்டையைவிடக் கால்பங்கு கூடுதலாகக் கொள்ளும். கடலைக்கே ஒரு கொதிநிலை இருக்குமானால், பெரிய மூட்டையில் அந்த இடம் மேலே போயிருக்க வேண்டும், ஒன்பது ரூபாய்க்கும் மேலே. அங்கேதான் முட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரவல் சைக்கிளில், திருவேற்காடு வழியாகக் கூவத்து மணலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்து அம்பத்தூர் போனேன். அங்கே கணக்கெழுதுகிறவர் என் வயதுக்காரர். கட்டத்தாளைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். ஆனால் அவருக்கும் பொழுது போகவில்லை போலிருக்கிறது. “நான் படிக்கிறேன், நீ புள்ளி வை” என்று பழைய விலைகளை ராகம்போட்டுப் படிக்க ஆரம்பித்தார். ஒன்பதைச் சுற்றி விலை சாதாரணமாக ஏறியது, இறங்கியது. ஒன்பதேகால், ஒன்பதரை, ஒன்பதேமுக்கால், எல்லாவற்றிலும் புள்ளி விழுந்தது. முட்டவே இல்லை. என் அதிசயம் தொலைந்தது என்று நினைத்துக்கொண்டேன். அவர் யுத்தத்துக்கு முந்தைய விலைக்குப் போனார். கடலை மலிவாக இருந்த காலம்.

“ஏழு. ஏழேகால். ஏழேகால். ஏழேகால். ஏழு. ஏழேகால். ஏழேமுக்கால்...”

கை நின்றுவிட்டது. தாளைப் பார்த்தேன். எங்கள் மூட்டையைவிடப் பெரிய மூட்டை, வேறு காலம், வேறு ஆட்கள். வெள்ளைக்கோடு அதே ஏழு ரூபாய் எட்டணாவில் ஓடியது.

“இன்னா ஆச்சி? ஏன் நின்னுட்ட?” என்றார் அவர்.

“ஏழு ரூபா எட்டணா ஒருநாள்கூட இல்லியே.”

“ஏழ்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு வாயைத் துடைத்தார். “ஞாயித்துக்கெழம அதுவுமா அத ஏம்பா என் வாயாலே வரவெக்கிற? வேலியில போற சனியன மடியில கட்டிக்கினு...”

ஏழரை. நான் அந்த எண்ணை ஒருநாளும் தமிழில் சொல்லிப் பார்த்ததே இல்லை. ஏட்டில் இங்கிலீஷ் எண்ணில் எழுதி எழுதி, அது வெறும் ஏழும் எட்டுமாக என் கண்ணில் இருந்தது. பேரம் பேசுகிறவர்களுக்கோ அது சனி பிடிக்கிற காலத்தின் பெயர். ஏழரை நாட்டுச் சனியை எவன் விலையாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவான்? அதனால் ஏழேகாலுக்கு மேல் ஒரு படி இல்லை. வாங்குகிறவன் ஏறவேண்டுமானால் ஒரே தாவாக அரை ரூபாய் தாவவேண்டும். அத்தனை தாவ யோசிப்பான். யோசித்தால் விலை முட்டும், திரும்பும். ஏழேமுக்காலில் ஏறிவிட்டாலோ இறங்கவும் அதே அரை ரூபாய், அதனால் அங்கே நிற்கும்.

திரும்பி வரும்போது கூவத்து மணலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடலையின் சட்டம் இல்லை அது. மனிதர்களின் சட்டம். யாரும் கூடிப் பேசவில்லை, தண்டோரா போடவில்லை. பூந்தமல்லிக்காரனுக்கும் அம்பத்தூர்க்காரனுக்கும் முகம் தெரியாது. ஆளாளுக்குத் தனித்தனியே துண்டுக்கடியில் ஒரு சின்ன பயத்தில் விரலை இழுத்துக்கொண்டார்கள். அந்தப் பயமெல்லாம் சேர்ந்து, நூல் பிடித்த மாதிரி நேராக, என் தாளில் ஒரு கோடாக விழுந்திருக்கிறது. தண்ணீர் கொதித்ததைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படி மயிர்க்கூச்செறியவில்லை.

மறுநாள் தரகரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இத்தக் கண்டுபுடிக்கவா அம்பத்தூர் வரைக்கும் மிதிச்ச? அந்த வெலைய எவன்யா பேசுவான்? என்னக் கேட்டிருந்தா வெத்தலப்பாக்கு செலவுல சொல்லியிருப்பேனே.”

“பேச மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் வெல இங்க முட்டித் திரும்புதுன்னு தெரியுமா?”

சிரிப்பை நிறுத்தினார். தாளின் மேல் குனிந்தார். ஏழேகாலில் முட்டித் திரும்பிய ஒவ்வொரு இடமாக விரலை வைத்துக்கொண்டே போனார். “இது மாசிமகத்தப்போ... இது அந்த மழ வருஷம்...” கடைசியில் மெதுவாகச் சொன்னார்: “ஒவ்வொருத்தன் கையும் நான்தான்யா புடிச்சேன். ஒண்ணு ஒண்ணாத் தெரியும். மொத்தமா இப்டி கீதுன்னு தெரியாது.” அதற்கப்புறம் ஜுரம் என்று கேலி பண்ணவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் உள்ளதைச் சொன்னேன்.

“நைனா, வெல எங்க நிக்காதுன்னு மட்டும் சீட்டு சொல்லுது. இந்தாண்ட ஏழேகால், இல்லாட்டி அந்தாண்ட ஏழேமுக்கால். எந்தப் பக்கம் போவும்னு அதுக்குத் தெரியல. எனக்கும் தெரியல.”

அப்பா என்னைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை.

“இத்தினி வருசம் படிக்க வெச்சதுக்கு, தெரியலன்னு சொல்லக் கத்துக்கினியா?”

“ஆமா.”

“ஊர்ல ஒருத்தனும் இத்த சொல்ல மாட்டான். அல்லாரும் தெரியும்னுதான் சொல்வான்” என்று சொல்லிவிட்டு வண்டிக்குச் சொல்லி அனுப்பினார். மாட்டுக்காரர் இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருப்பதாகச் சேதி வந்திருந்தது. இனிக் காத்திருக்க நேரமில்லை.

அப்பா மூட்டைகளோடு மண்டிக்கு வந்த அன்று பட்டணத்திலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வந்திருந்தார். ஆவடிப் பட்டாள முகாமுக்கு எண்ணெய் அனுப்புகிறவர். வீட்டில் உருது பேசுகிறவர், தமிழும் நன்றாகவே வரும். துண்டு வியாபாரம் அவருக்குப் பிடிக்காது. அவர் அப்பாவின் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி கடலையை உடைத்துத் தின்றுவிட்டு, மண்டி நடுவில் நின்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார்:

“நல்ல பருப்பு. மூட்டை ஏழரை ரூபா. இப்பவே எடை போடுங்க.”

எடைக்காரன் கை தராசில் நின்றது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். அப்பாவுக்கு அந்த விலை போதும், மாடு வந்துவிடும். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் முன்னால் யாரோ பாம்பை நீட்டினாற்போல அப்பா ஒரு அடி பின்னால் போனார்.

“வாணாங்க.”

“ஏன், பத்தாதா?”

“பத்தும். அந்த வெல வாணாம். ஏழேகாலே குடுங்க.”

கான்ட்ராக்டர் தரகரைப் பார்த்தார். “இன்னாய்யா இது, கூடக் குடுத்தா வேணாங்கிறாரு?”

நான் அப்பா பக்கத்தில் போய்க் காதோரம் சொன்னேன், “அது வெறும் நம்பர் நைனா. வாங்கிக்க. மாடு போயிடும்.”

“தெரியும்டா” என்றார் அப்பா, எதிரே பார்த்தபடி. “நாளைக்கி மாடு ஒருநாள் நொண்டினா எனக்கு இதான் ஞாபகம் வரும். அத்த வெச்சிக்கினு எப்டி ஏரோட்றது?”

அப்போது பார்த்தேன். சுவர் நீளத் தாளின் வெள்ளைக்கோடு என் எதிரே நின்றுகொண்டிருந்தது, மூச்சு விட்டுக்கொண்டு, வியர்வையோடு, கடலை மண் ஒட்டிய காலோடு. தண்ணீருக்குள் நடப்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். ஒரு புள்ளி விழாமல் போகிற அந்தக் கணத்தை.

தரகர் உள்ளே புகுந்தார். ரொம்பவும் பழகிய வேலைபோலச் சொன்னார்: “சாயபு, உங்களாண்ட பட்டாளத்துக் கோணி கீதில்ல? கட்லய அதுல கொட்டிக்கினு காலிக் கோணிய அவருக்கே குடுத்துடுங்க. வெல ஏழேகால்.”

கடலை வாங்குகிறவரே கோணியையும் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். யுத்தத்தால் கோணிக்குத் தட்டுப்பாடு, காலிக் கோணியே கால் ரூபாய்க்குப் போகும். கான்ட்ராக்டர் வாய்விட்டுச் சிரித்தார். “ஏழரைதானே அது? சரி சரி, சொல்லல. கொட்டு.”

“இப்படி முன்னாடியும் செஞ்சிருக்கீங்களா அண்ணாத்தே?” என்று தரகரிடம் கேட்டேன்.

“எத்தினியோ தபா. ஒருநாள் கோணி, ஒருநாள் வண்டிக்கூலி, ஒருநாள் எடைல கழிவ விட்டுக்குடுக்கிறது. வந்தவன் எல்லாரையும் திருப்பி அனுப்பிச்சா மண்டி நடக்குமா?”

அப்படியானால் என் தாளில் ஏழேகாலில் விழுந்த புள்ளிகளில் எத்தனை நிஜமாகவே ஏழேகால், எத்தனை கோணிக்குள் ஒளிந்த ஏழரை? அது ஒருநாளும் தெரியப்போவதில்லை. மனிதர்கள் என்ன விலை என்று சொல்லிக்கொண்டார்களோ அதைத்தான் தாள் வைத்திருந்தது. கைமாறியது எவ்வளவு என்பதை அல்ல. இது தெரிந்ததும் தாளின் மேல் இருந்த மதிப்பு எனக்குக் குறைந்திருக்க வேண்டும். கூடியது. ஒரு புள்ளிக்குப் பின்னால் இவ்வளவு பேர் நின்றுகொண்டிருக்கிறார்களே என்று.

சாயங்காலம் பலகையில் ஏழேகால் என்று எழுதினார்கள். நானும் அங்கேயே புள்ளி வைத்தேன்.

கோணிகளை அப்பா மண்டியிலேயே விற்றார். மறுநாள் காலை நசரத்பேட்டைக்குப் போய் மாடுகளை ஓட்டிவந்தார். அதற்கு அடுத்த வாரம் விலை ஏழேமுக்காலைத் தாண்டி எட்டுக்கும் மேலே போனது. ஏன் போனது என்று மண்டியில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தாளில் அதற்கான அறிகுறி எதுவும் எனக்கு முன்கூட்டித் தெரியவில்லை. பயந்துகொண்டே அப்பாவிடம் சொன்னேன்.

“இருந்துட்டுப் போவுது” என்றார். புது மாட்டில் இடத்தது நடையில் முந்தியது, வலத்தது கொஞ்சம் மந்தம். அதைச் சரிக்கட்ட நுகத்தடியில் பூட்டுக்கயிற்றை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டிக்கொண்டிருந்தார். நிலத்துக்காரர் அனுப்பிய ஆள் வந்து மாட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். “அந்த முனையப் புடி” என்றார் என்னிடம். பிடித்தேன்.